எந்த மருந்து என்பது இரண்டாவது கேள்வி

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, சிறு குழந்தைகளுக்குப் பரிசோதனையோ சிறு சிகிச்சையோ செய்யும்போது அவர்களை அமைதிப்படுத்தக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றி. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகலான குழாய்க்குள், காதைப் பிளக்கும் சத்தத்துக்கு நடுவே, அரை மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் கிடக்க வேண்டும். எந்தக் குழந்தை கிடக்கும்? முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். எந்தக் குழந்தை பொறுத்துக்கொள்ளும்? அதனால்தான் மருந்து வருகிறது. மருந்து வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியும் வந்துவிடுகிறது: "டாக்டர், இருக்கிறதிலேயே நல்ல மருந்து எது?" நியாயமான கேள்விதான். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மருந்து கொடுத்த பிறகு குழந்தையின் மூச்சை யார் பார்த்துக்கொண்டிருப்பார், மூச்சு தடைபட்டால் அதை மீட்க அவருக்குத் தெரியுமா என்பதே முதல் கேள்வி. இதை ஆசைக்காகச் சொல்லவில்லை, சான்றுகளோடு சொல்லப்போகிறேன்.

மருந்தே எதற்கு, நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியுமே என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பச்சைக் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. பாமரர்களின் நம்பிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். 1980-கள் வரை மருத்துவ உலகின் பெரும்பகுதி அப்படித்தான் நம்பியது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு, அசையாமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, வலிக்குப் பெயரளவில் ஏதோ கொடுத்து, நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முதன்மையானவர் கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர். ஆக்ஸ்ஃபோர்டில் அவரும் சகாக்களும் நடத்திய ஆய்வு 1987-இல் லான்செட் இதழில் வந்தது. ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துப் பெற்ற சிசுக்களின் உடலில் அழுத்தச் சுரப்புகளின் கொந்தளிப்பு குறைந்தது, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. வாய் திறந்து சொல்லத் தெரியாத சிசுவின் வலியை அதன் இரத்தம் சொல்லிவிட்டது. ஆகவே, பிடித்து அழுத்திச் செய்வது சிக்கனமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. திமிறும் குழந்தையிடம் ஊசி இடம் தவறும், ஸ்கேன் படம் கலங்கும், மறுபடியும் செய்ய வேண்டி வரும். அடுத்த முறை வெள்ளைக் கோட்டைக் கண்டாலே குழந்தை அலறும்.

அதற்காக எல்லாக் குழந்தைக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. மருந்தே தேவைப்படாத இடங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை நாம் அவசரத்தில் தவறவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, கதகதப்பாகத் துணியில் சுற்றி, விளக்கைத் தணித்து வைத்தால் பல நேரம் அதுவே எம்.ஆர்.ஐ. எடுக்கும் அளவுக்குத் தூங்கிவிடும். ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டிய குழந்தையை முந்தைய இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டி வந்தால் பல நேரம் மருந்தின் துணையே வேண்டாம். இரத்தம் எடுக்கும்போது சிசுவின் நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல், அல்லது தாயின் மார்பு. ஊசி போடும் இடத்தில் முன்கூட்டியே தடவும் மரப்பு களிம்பு. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன நடக்கப்போகிறது என்பதைப் பொம்மையை வைத்து விளக்கிச் சொல்லும் பத்து நிமிடம். சி.டி. ஸ்கேன் இன்று சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில நொடிக்காக இரண்டு மணி நேரம் தூங்க வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? கொடுக்காத மருந்துக்குப் பக்கவிளைவு கிடையாது. ஒப்பிடத் தொடங்கும்போது இந்த வழிகளையும் பட்டியலில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். வலியில்லாத பரிசோதனைகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா, இதயத்தைப் பார்க்கும் எக்கோ, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. ஆகியவற்றுக்கு நம் ஊரில் அதிகம் கொடுக்கப்படுவது ட்ரைக்ளோஃபாஸ் என்ற சிரப். இதன் மூதாதை குளோரல் ஹைட்ரேட். 1832-இல் லீபிக் அதை உருவாக்கினார், 1869-இல் லீப்ரைக் அது தூக்கம் தரும் என்று கண்டார். உலகின் மிகப் பழைய செயற்கைத் தூக்க மருந்துகளில் ஒன்று. இரண்டு மருந்துகளும் உடலுக்குள் போனதும் ஒரே பொருளாகத்தான் மாறுகின்றன. ட்ரைக்ளோஃபாஸ் வாய்க்கும் வயிற்றுக்கும் கொஞ்சம் இதமானது, அவ்வளவே. இதன் நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. ஊசி வேண்டாம், விலை குறைவு, பெரும்பாலான சிறு குழந்தைகள் நன்றாகத் தூங்கிவிடுவார்கள், ஈ.ஈ.ஜி. பதிவையும் பெரிதாகக் குலைப்பதில்லை. ஆனால் இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. தூங்க ஆரம்பிக்க அரை மணியோ ஒரு மணியோ ஆகும். அது உடலில் உருமாறி உண்டாக்கும் பொருளில் பாதி கழியவே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், பிறந்த சிசுவுக்கு அதைவிடப் பல மடங்கு. இதை முறிக்க மாற்று மருந்தும் கிடையாது. அதாவது, பரிசோதனை பதினைந்து நிமிடத்தில் முடிந்தாலும் மருந்தின் வேலை முடிவதில்லை. குழந்தை கண்ணைத் திறந்து சிணுங்குகிறது, விழித்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு கிளம்புகிறோம். ஆட்டோவின் ஆட்டத்தில் அது திரும்பவும் உறங்குகிறது. தலை முன்னால் சாய்ந்து, மோவாய் நெஞ்சில் அழுந்தி, மூச்சுக்குழல் மடங்குகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதாகத்தான் தோன்றும்.

இதோடு சேர்த்து இன்னொரு பாட்டிலையும் சொல்ல வேண்டும். ஃபெனர்கன் என்று நம் வீடுகளில் பழகிய பெயர், ப்ரோமெதசின் அதன் மருந்துப் பெயர். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கியது, நெடும்பயணத்தில் பிள்ளை தூங்கட்டும் என்று ஒரு மூடி கொடுக்கப்படுகிறது. இந்த மருந்தை மெபெரிடின், குளோர்ப்ரோமசின் ஆகியவற்றோடு கலந்து ஒரே ஊசியாகப் போடும் வழக்கம் மேலை நாட்டு மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது. மயக்கம் எப்போது தெளியும் என்று யாராலும் சொல்ல முடியாத கலவை அது. 1995-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் மாற்று வழிகளை நாடுமாறு எழுதியது. 2004-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூச்சு நின்று மரணம் நேரலாம் என்பதால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ப்ரோமெதசின் கூடாது என்று மருந்தின் உறையிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. சிரப் என்பதால் சாது என்று நினைக்க வேண்டாம். வாய் வழியாகப் போனாலும் மூக்கு வழியாகப் போனாலும் நரம்பு வழியாகப் போனாலும், மருந்து கடைசியில் சேருமிடம் மூளைதான்.

அடுத்தது மிடசோலம். வாய் வழியாகவும் கொடுக்கலாம், மூக்கில் தெளிக்கவும் செய்யலாம், நரம்பிலும் ஏற்றலாம். பத்து நிமிடத்தில் வேலை செய்யும், நடந்ததை மறக்கடிக்கும், அளவு மீறினால் முறிக்க ஃப்ளூமசெனில் இருக்கிறது. பயத்தைத் தணிப்பதில் இது கெட்டிக்கார மருந்து. ஆனால் வலியைக் குறைக்காது, நீண்ட ஸ்கேனுக்கு இது மட்டும் போதாது, வலிப்பின் அடையாளங்களையே அடக்கிவிடுவதால் ஈ.ஈ.ஜி.க்கு உதவாது. மூக்கில் விட்டால் எரியும். சில குழந்தைகள் அமைதியாவதற்குப் பதிலாக ஆவேசப்பட்டு அழுவார்கள். அதை மருந்து போதவில்லை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் கொடுப்பது ஆபத்தின் வாசல். அண்மைக் காலத்தில் இந்த இடத்துக்கு வந்திருப்பது டெக்ஸ்மெடிடோமிடின். 1999-இல் பெரியவர்களின் தீவிர சிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்ட இந்த மருந்து, 2022-இன் இறுதியில் ஒரு மாதம் நிறைந்த குழந்தைகள் முதல் வலியில்லாத பரிசோதனைகளுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது தரும் உறக்கம் இயற்கை உறக்கத்தை மிகவும் ஒத்தது. மூச்சை அடக்குவது மிகக் குறைவு, ஈ.ஈ.ஜி.க்கும் பொருந்தும், ஊசியில்லாமல் மூக்கில் தெளித்தும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், அப்போது எரிச்சலும் இல்லை. குறை? வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும், இதயத்தின் மின்கடத்தலில் கோளாறுள்ள குழந்தைக்கு இது ஏற்றதல்ல. வலியில்லாத பரிசோதனைக்கு இன்று புதிதாக ஓர் ஏற்பாடு தொடங்கும் மருத்துவமனை, பழைய சிரப்பை விட்டு இதற்கு மாறுவது நல்லது என்பது என் முடிவு.

வலியுள்ள சிகிச்சை என்றால் களமே வேறு. எலும்பு முறிவை நேராக்க வேண்டும், தீப்புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், எலும்பு மஜ்ஜை எடுக்க வேண்டும். இங்கே தூக்கம் மட்டும் போதாது, வலி போக வேண்டும். 1962-இல் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய கெட்டமின் இங்கே தனித்து நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது இருப்பதற்குக் காரணம் உண்டு. வலியையும் போக்கும், உணர்வையும் துண்டிக்கும், ஆனால் குழந்தை தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பெற்றோர் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: கண் திறந்தே இருக்கும், விழி ஆடும், குழந்தை எங்கோ வெறிப்பதாகத் தோன்றும். சொல்லாமல் விட்டால் தாய் பதறிப்போவாள். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கெட்டமின் பெற்ற 8,282 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2009-இல் வெளியான ஆய்வில், மூச்சு தொடர்பான சிக்கல்கள் 3.9 சதவீதம், குரல்வளை இறுகிக்கொள்வது 0.3 சதவீதம். அதே வரிசையில் ப்ரோபோஃபோல் இருக்கிறது. வெள்ளை வெளேர் என்று பால் நிறத்தில் இருக்கும். ஏற்றிய அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் உறக்கம், நிறுத்திய சில நிமிடங்களில் விழிப்பு, வாந்தியும் குறைவு. எம்.ஆர்.ஐ. அறைகளில் இது விரும்பப்படுவதில் வியப்பில்லை. ஆனால் வலியைப் போக்காது, கொஞ்சம் கூடினாலும் மூச்சு நின்றுவிடும். செயற்கை மூச்சு கொடுக்கத் தேர்ந்த கைகள் அறைக்குள் இல்லாவிட்டால் இதைத் தொடவே கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகமூடியைத் தானே பிடித்து மூச்சிழுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, சிறு தையலுக்கும் பல் சிகிச்சைக்கும் அது அருமையான துணை. மடியில் கிடக்கும் கைக்குழந்தைக்கு அது அவ்வளவாக உதவாது.

இவ்வளவும் கேட்ட பிறகு, எது வென்றது என்று கேட்கிறீர்களா? எதுவும் வெல்லவில்லை. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நல்லது, ஓரிடத்தில் கெட்டது. ஏன் என்றால், மயக்கத்தின் ஆழத்தைப் புத்தகங்கள் நான்கு படிகளாகப் பிரிக்கின்றன: லேசான அமைதி, மிதமான மயக்கம், ஆழ்ந்த மயக்கம், முழு மயக்கம். புத்தகத்தில்தான் அவை படிகள். குழந்தையின் உடலில் அது சறுக்குமரம். மேலே நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே போய்விடும். அதே எடை, அதே அளவு, அதே மருந்து, ஒரு குழந்தை கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று மூச்சை மறந்திருக்கும். கைக்குழந்தையின் நாக்கு வாய்க்குப் பெரிது, மூச்சுக்குழல் குறுகலானது, எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப் போல இருமடங்கு ஆக்சிஜனை அதன் உடல் செலவழிக்கிறது. பெரியவர் ஒருவர் தாங்கும் நேரத்தைச் சிசு தாங்காது. அதன் இதயம் நிற்பது பெரும்பாலும் இதயக் கோளாறால் அல்ல, மூச்சு நின்றதை ஒருவரும் கவனிக்காததால்.

இதற்குச் சான்று கேட்பீர்கள். சார்ல்ஸ் கோட்டே என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவரும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது நேர்ந்த விபரீதங்களைத் திரட்டி, 95 நிகழ்வுகளை ஒவ்வொன்றாக அலசினார்கள். அவற்றில் 51 குழந்தைகள் இறந்திருந்தார்கள். 9 குழந்தைகளுக்கு நிரந்தர நரம்புப் பாதிப்பு. எந்த மருந்து குற்றவாளி என்று தேடினார்கள். ஒன்று சிக்கவில்லை. எல்லா வகை மருந்துகளும் அந்தப் பட்டியலில் இருந்தன, எல்லா வழிகளும் இருந்தன. அளவு மீறியது, மூன்றும் அதற்கு மேலும் மருந்துகளைச் சேர்த்தது, கண்காணிப்புப் போதாதது, மீட்கத் தெரியாதது, தெளியும் முன் அனுப்பியது ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. பரிசோதனைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள். இன்னொரு கணக்கைக் கேளுங்கள். மருத்துவமனைக்கு வெளியே, தனி அறைகளில் நேர்ந்த விபரீதங்களில் 92.8 சதவீதம் மரணத்திலோ நிரந்தரப் பாதிப்பிலோ முடிந்தன. மருத்துவமனைக்குள் நேர்ந்தவற்றில் அது 37.2 சதவீதம். வெளியே பாதிக்கப்பட்டவர்கள் நோய் முற்றிய குழந்தைகளா? இல்லை. அவர்கள்தான் வயதிலும் மூத்தவர்கள், உடல்நலத்திலும் மேலானவர்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள், மீட்க ஆளில்லாத இடத்தில் போனார்கள்.

இந்த ஆய்வு கெட்ட முடிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்தது, மொத்தத்தில் எத்தனை பேருக்கு ஒருவர் என்று சொல்லவில்லையே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரிதான். எப்படி நேர்கிறது என்பதை அது சொன்னது, எத்தனை முறை என்பதை வேறொரு ஆய்வு சொன்னது. ஜோசப் கிராவெரோ தலைமையில் 26 நிறுவனங்கள் சேர்ந்து, அறுவை அரங்குக்கு வெளியே நடந்த 30,037 மயக்கங்களைப் பதிவு செய்து 2006-இல் வெளியிட்டன. இறப்பு ஒன்றுகூட இல்லை. இதய இயக்க மீட்பு ஒரே ஒரு முறை தேவைப்பட்டது. 2009-இல் ப்ரோபோஃபோலை மட்டும் எடுத்துக்கொண்டு 49,836 மயக்கங்களைப் பார்த்தார்கள். அப்போதும் இறப்பு இல்லை, இதய மீட்பு இரண்டு முறை. மூச்சை நிறுத்தும் என்று நான் எச்சரித்தேனே, அதே ப்ரோபோஃபோல்தான். அப்படியானால் அங்கே குழந்தைகளுக்கு மூச்சுத் தடையே வரவில்லையா? வந்தது. 2006 ஆய்வில் ஏறத்தாழ 200 மயக்கங்களுக்கு ஒன்றில், முகமூடிப் பையால் மூச்சு கொடுப்பது முதல் குழாய் செலுத்துவது வரை ஏதோ ஒரு வகையில் கை கொடுக்க வேண்டியிருந்தது. இருநூறுக்கு ஒன்று! பரபரப்பான ஒரு மருத்துவமனையில் சில வாரங்களுக்கு ஒரு முறை வந்துவிடும் கணக்கு. அங்கே கை கொடுக்க ஆள் நின்றிருந்தார், குழந்தைகள் வீடு திரும்பினார்கள்.

அவையெல்லாம் வசதி படைத்த மையங்கள், நம் மாவட்ட மருத்துவமனையில் ஒவ்வொரு பெராவுக்கும் மயக்கவியல் நிபுணரைக் கொண்டுவர முடியுமா என்பது அடுத்த மறுப்பு. இதுதான் கனமான மறுப்பு, இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். முன்பு சொன்ன நிறுவனங்களின் கூட்டமைப்பே 2011-இல் 1,31,751 மயக்கங்களை எடுத்து, கொடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தது. மயக்கவியலாளர், தீவிர சிகிச்சை மருத்துவர், அவசரப் பிரிவு மருத்துவர், குழந்தை மருத்துவர் ஆகியோரிடையே பெரும் சிக்கல்களின் விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பட்டம் எதுவானாலும், பயிற்சியும் ஒழுங்கமைந்த ஏற்பாடும் இருந்தால் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆகவே நான் கேட்பது ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிபுணரை அல்ல. பரிசோதனை செய்பவர் ஒருவர், குழந்தையை மட்டுமே பார்ப்பவர் இன்னொருவர். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், முடிந்த இடங்களில் மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி. மூச்சு நின்றதைப் பின்னது உடனே காட்டிவிடும். ஆக்சிமீட்டரில் அளவு இறங்க நேரமாகும், ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். குழந்தைக்கு ஏற்ற அளவில் முகமூடியும் பையும், சளி உறிஞ்சும் கருவி, ஆக்சிஜன். அந்தப் பையைப் பிடித்து மூச்சு கொடுக்கப் பழகிய கை. எம்.ஆர்.ஐ. கருவிக்குக் கோடிகள் ஒதுக்கும் நிர்வாகம், அந்த அறைக்கு இவற்றை ஒதுக்க முடியாது என்று சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னும் ஒன்று பெற்றோரின் நெஞ்சை அரிக்கிறது: மருந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்குமா? 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலான அல்லது பல முறை தரப்படும் மயக்கம் பற்றி எச்சரித்தது உண்மை. ஆனால் ஏழு நாடுகளில் 722 சிசுக்களைக் கொண்டு நடந்த ஜி.ஏ.எஸ். ஆய்வு, 2019-இல் ஐந்து வயது முடிவுகளை வெளியிட்டது. குடலிறக்க அறுவைக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக மயக்க வாயு பெற்ற பிள்ளைகளுக்கும், விழித்த நிலையில் மரப்பு ஊசியோடு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. தேவையான ஒரு பரிசோதனையை, காது கேளாமையைக் கண்டுபிடிக்க வேண்டிய பெராவை, இந்தப் பயத்தால் ஒத்திப்போடாதீர்கள். மொழி கற்கும் வயது காத்திருக்காது.

தாய்மார்களே, தந்தையரே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இது. "வீட்டிலேயே மருந்தைக் கொடுத்துத் தூங்க வைத்துக் கூட்டி வாருங்கள்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருந்து மருத்துவமனைக்குள், கண்காணிப்பவர் முன்னிலையில் கொடுக்கப்பட வேண்டும். தூங்கவில்லை என்று நீங்களாக இன்னொரு மூடி ஊற்றாதீர்கள். வெறும் வயிற்றில் இருக்கும் நேரத்தைக் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு இரண்டு மணி, தாய்ப்பாலுக்கு நான்கு மணி, மற்றப் பாலுக்கும் லேசான உணவுக்கும் ஆறு மணி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் பட்டினி போடவும் வேண்டாம். குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ குறட்டையோ இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருந்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், குழந்தை தூங்கும்போது அதன் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப்போவது யார்?" பதில் ஒரு பெயராக வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால், அவசரமில்லாத பரிசோதனையை அன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பரிசோதனை முடிந்த பின், குழந்தை வழக்கம்போல் விழித்து, தலையைத் தானே நிமிர்த்தி, உங்களை அடையாளம் காணும் வரை அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறாதீர்கள்.